இலத்திரன் நடந்த வழி: சுவாச நிறமி ஒன்றின் வரலாறு

இங்கிலாந்தின் நடுப்பாகத்திலே வூல்வர்ஹம்ப்டன் என்றொரு கைத்தொழில் நகரம் உண்டு. நிலக்கரியும் இரும்பும் அந்நகரத்துக்குச் சோறு போட்ட பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், சார்ள்ஸ் அலெக்சாந்தர் மக்மன் என்னும் வைத்தியர் ஒருவர் அங்கு வாழ்ந்தார். 1852 ஆம் ஆண்டிலே அயர்லாந்தின் ஸ்லைகோ என்னும் பகுதியிற் பிறந்து, டப்ளின் நகரத்துத் திரித்துவக் கல்லூரியிற் கற்றுத் தேறி, தொழில் நாடி இங்கிலாந்து வந்தவர் அவர். பகலிலே நோயாளரைப் பார்ப்பது அவருடைய கடமை. எஞ்சிய நேரத்திலோ, தம் வீட்டுக் குதிரைலாயத்தின் மேலிருந்த வைக்கோற் பரணுக்கு ஏறிவிடுவார். அந்தப் பரணே அவருடைய ஆய்வுகூடம். அங்கிருந்த கருவிகளுள் அவர் பெரிதும் போற்றியது, நுணுக்குக்காட்டியோடு பொருத்தப்பட்ட நிறமாலைகாட்டி ஒன்று.

வெண்ணிற ஒளி பட்டகமொன்றினூடு சென்றால் வானவில்லாக விரியும் என்பது நேயர்கள் அறிந்ததே. அவ்வொளியின் வழியில் ஒரு நிறப்பொருளை வைத்தால், அப்பொருள் தனக்கு வேண்டிய நிறங்களை விழுங்கிவிடும். விழுங்கிய இடங்களிலே வானவில்லின் குறுக்கே கரிய பட்டிகள் தோன்றும். ஒவ்வொரு நிறப்பொருளுக்கும் அதற்கே உரிய பட்டிகள் உண்டு. இரத்தத்திலுள்ள ஈமோகுளோபினின் பட்டிகளை 1862 இல் முதன்முதல் விவரித்தவர் ஜேர்மானிய அறிஞர் ஹொப்பே-சைலர். ஒட்சிசனை ஏற்றிருக்கும்போது இரண்டாக நிற்கும் அப்பட்டிகள், ஒட்சிசனை இழந்தபோது ஒன்றாக மாறுவதை 1864 இல் காட்டியவர் கேம்பிறிட்ஜ் பேராசிரியர் ஸ்டோக்ஸ். அவரும் ஸ்லைகோவிற் பிறந்தவரே.

மக்மன் இரத்தத்தோடு நின்றுவிடவில்லை. தசை, ஈரல், சிறுநீரகம் என உடலின் பல உறுப்புக்களையும் மெல்லிய துண்டுகளாக நசுக்கித் தம் கருவியின் கீழ் வைத்துப் பார்த்தார். முதுகெலும்புள்ள பிராணிகள் மாத்திரமல்ல, பூச்சிகள், நத்தைகள், கடல்வாழ் சிற்றுயிர்கள் எனக் கைக்கு எட்டிய யாவற்றையும் சோதித்தார். எங்கும் ஒரே வகையான நான்கு பட்டிகள் தோன்றின. அவை ஈமோகுளோபினின் பட்டிகள் அல்ல. ஈமோகுளோபினே இல்லாத பூச்சிகளின் தசையிலும் அவை தெளிவாக இருந்தன. 1884 இல் ஒரு குறிப்பாகவும், 1886 இல் இலண்டன் அரச கழகத்தின் வெளியீட்டில் விரிவான கட்டுரையாகவும் இதனை அவர் உலகுக்கு அறிவித்தார். தசையிற் கண்ட நிறமிக்கு மயோஹேமற்றின் என்றும், ஏனைய இழையங்களிற் கண்டவற்றுக்கு ஹிஸ்டோஹேமற்றின் என்றும் பெயரிட்டார். இந்நிறமிகள் ஒட்சிசனை ஏற்கும் நிலை, இழக்கும் நிலை என இரு நிலைகளை உடையன. ஆதலால் இழையங்கள் சுவாசிப்பதற்கு இவையே கருவியாதல் வேண்டும் என்பது அவருடைய துணிபு.

இத்துணிபு எவ்வளவு முன்னேறியது என்பதை உணர ஒரு காலக்கணக்கு உதவும். இலத்திரன் என்னும் நுண்துணிக்கையைத் தொம்சன் கேம்பிறிட்ஜிலே கண்டுபிடித்தது 1897 இல். மக்மனின் கட்டுரை அதற்குப் பதினொரு ஆண்டுகள் முந்தியது. இலத்திரன் ஏறி இறங்கும் படிக்கட்டைக் கண்ணாற் கண்டவர், இலத்திரன் என்ற சொல்லைத்தானும் அறியாதவராய் இருந்தார்.

கண்டுபிடிப்பு அறிஞரவையிலே ஏற்கப்படவில்லை. எதிர்ப்பு வந்த இடம் ஸ்திராஸ்பூர்க். அங்கே பேராசிரியராக வீற்றிருந்தவர் முன்னே சொல்லப்பட்ட ஹொப்பே-சைலர். ஈமோகுளோபின் என்ற பெயரையே இட்டவர் அவர். உடலியல் இரசாயனத்துக்கென 1877 இல் ஒரு சஞ்சிகையை நிறுவி அதன் ஆசிரியராகவும் விளங்கியவர். அவருடைய ஆய்வுகூடத்திலே பயின்ற லேவி என்பவர், புறாவின் தசையை ஆராய்ந்து, மக்மன் கூறும் புதிய நிறமி எதுவும் இல்லை என்றும், அது ஈமோகுளோபின் சிதைந்து உண்டாகும் பொருளே என்றும் 1889 இல் எழுதினார். மக்மன் மறுமொழி விடுத்தார். பூச்சிகளின் உடலில் ஈமோகுளோபின் இல்லாதபோது அதன் சிதைவு எங்கிருந்து வந்தது என்னும் வினா ஒன்றே போதுமானது. அதற்கு எதிர்க்கட்சியினரிடம் தக்க விடை இல்லை. ஆயினும், 1890 இல் ஹொப்பே-சைலர் அம்மறுமொழியைத் தம் சஞ்சிகையில் வெளியிட்டபோது, அதன் அடியிலே, இவ்விடயத்தில் இனி வாதம் அநாவசியம் என்ற கருத்துப்பட ஓர் ஆசிரியர் குறிப்பைச் சேர்த்துவிட்டார். வாதியும் நீதிபதியும் ஒருவரேயானால் தீர்ப்பு எவ்வாறிருக்கும் என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

நடுநின்று நோக்கினால், மக்மனிடத்தும் பிழை இல்லாமற் போகவில்லை. உயிருள்ள இழையத்தை நேரே பார்த்தபோது அவர் கண்டவை முற்றிலும் சரி. ஆனால், அந்நிறமியை இரசாயன முறையாற் பிரித்தெடுத்துவிட்டதாக அவர் காட்டிய சாறுகளிலே ஈமோகுளோபினின் சிதைவுப் பொருளும் கலந்திருந்தது. எதிரிகள் பிடித்துக்கொண்டது அந்த வலுவற்ற கிளையை. கிளை முறிந்தபோது மரமே இல்லை என்று உலகம் முடிவுகட்டிற்று. பாடநூல்களிலிருந்து மயோஹேமற்றின் மறைந்தது. தம் கண்டுபிடிப்பு என்றேனும் நூல்களில் இடம்பெறும் என்ற நம்பிக்கையை மட்டும் கைவிடாது, மக்மன் 1911 இல், அறுபது வயது நிரம்புமுன், காலமானார். நிறமாலை ஆய்வு குறித்து அவர் எழுதிவைத்த நூல், அவர் மறைந்த பின்னர், 1914 இல் வெளிவந்தது. அதை அந்நாளில் வாசித்தோர் சிலரே.

இனிக் கதை ஈயைப் பற்றியது. குதிரையின் இரைப்பையிலே ஒட்டி வாழும் புழுவொன்று உண்டு. அது வளர்ந்து ஒருவகை ஈயாகும். புழுப் பருவத்திலே அதன் உடலில் ஈமோகுளோபின் நிறைந்திருப்பதால் செந்நிறமாய்த் தோன்றும். ஈயாகிப் பறக்கும்போது அந்தச் செந்நிறம் எங்கே போகிறது? இவ்வினாவை எழுப்பியவர் டேவிட் கெய்லின். 1887 இல் மொஸ்கோ நகரிலே போலந்துக் குடும்பமொன்றிற் பிறந்து, வார்சாவிலும் பெல்ஜியத்திலும் பாரிசிலும் கற்று, முதலாம் உலகப் போரின் நடுவே, 1915 இல், கேம்பிறிட்ஜ் வந்து சேர்ந்தவர். ஆஸ்துமா நோயினால் வாழ்நாள் முழுதும் மூச்சுக்குப் போராடியவர் அவர். உயிர்களெல்லாம் எவ்வாறு மூச்சுவிடுகின்றன என்பதைக் காட்டும் பேறு அவருக்கே கிடைத்தமை வியப்பன்றோ!

கெய்லின் வளர்ந்த ஈயின் நெஞ்சுத் தசையை நிறமாலைகாட்டியிலே பார்த்தார். நான்கு பட்டிகள் தெரிந்தன. புழுவின் ஈமோகுளோபின் உருமாறி இவ்வாறாயிற்றுப் போலும் என்று முதலில் எண்ணினார். ஆனால், எப்பருவத்திலும் ஈமோகுளோபின் இல்லாத வேறு ஈக்களிலும், அந்துப்பூச்சிகளிலும் அதே நான்கு பட்டிகள் இருந்தன. பற்றீரியாக்களில் இருந்தன. அப்பம் புளிக்க வைக்கும் மதுவத்திலும் இருந்தன.

மதுவந்தான் இரகசியத்தை வெளியிட்டது. ஒருநாள், மதுவத்தைச் சிறிது நீரோடு குழாயிலிட்டு நன்கு குலுக்கி, கருவியின்கீழ் வைத்தார் கெய்லின். பட்டிகளைக் காணவில்லை. ஏமாற்றத்தோடு குழாயை அகற்றப் போகுமுன்னர், அவர் கண்ணெதிரே நான்கு பட்டிகளும் திடீரென்று மீண்டும் தோன்றின. மறுபடியும் குலுக்கினார், மறைந்தன. சற்று வாளா விட்டார், தோன்றின. குலுக்கும்போது காற்றிலுள்ள ஒட்சிசன் நீரிற் கலக்கிறது; நிறமி ஒட்சியேற்றம் அடைகிறது; பட்டிகள் மறைகின்றன. வாளா விட்டால் மதுவக் கலங்கள் அந்த ஒட்சிசனைச் செலவிட்டு விடுகின்றன, நிறமி பழைய நிலைக்குத் திரும்புகிறது, பட்டிகள் தோன்றுகின்றன. கலம் மூச்சுவிடுவதைக் கண்ணாற் காண்பது என்றால் இதுவே. உயிருள்ள அந்துப்பூச்சியையும் அவர் இவ்வாறு நோக்கினார். பூச்சி ஓய்ந்திருக்கையில் பட்டிகள் மங்கியிருந்தன. சிறகடித்து உழைக்கையில் அவை தெளிந்து வந்தன.

1925 இல் வெளிவந்த கட்டுரையிலே கெய்லின் இந்நிறமிக்குச் சைற்றோக்குரோம் என்று பெயரிட்டார். கல நிறம் என்பது அதன் பொருள். நான்கு பட்டிகளும் ஒரே பொருளுக்குரியன அல்ல, ஏ, பி, சி என்னும் மூன்று நிறமிகளுக்கு உரியன என்றும் காட்டினார். அக்கட்டுரையின் முற்பகுதியிலேயே, இதனை முதலிற் கண்டவர் மக்மன் என்பதை அவர் தயக்கமின்றி எடுத்துரைத்தார். ஆய்வைத் தொடங்கியபோது மக்மனின் வேலையை அவர் அறிந்திருக்கவில்லை, அறிந்தபின் மறைக்கவுமில்லை. முப்பத்தைந்து ஆண்டுகளாகப் புதைந்து கிடந்த பெயர், வேறொரு நாட்டிலிருந்து வந்த ஈ ஆராய்ச்சியாளர் ஒருவரின் நேர்மையினால் வெளியே வந்தது.

அந்நாளில் ஐரோப்பாவில் சுவாசம் பற்றி இரு கட்சிகள் இருந்தன. உணவிலிருந்து ஐதரசனைக் கழற்றுவதே முக்கியம் என்றார் வீலண்ட். ஒட்சிசனைப் பற்றிக்கொள்ளும் இரும்பு நொதியமே முக்கியம் என்றார் பேர்லின் அறிஞர் ஒட்டோ வார்பூர்க். காபனோரொட்சைட்டு அந்நொதியத்தைத் தடுப்பதையும், வெளிச்சம் பட்டால் அத்தடை நீங்குவதையும் கொண்டு, கண்ணுக்குப் புலப்படாத அந்நொதியத்தின் நிறமாலையையே வார்பூர்க் அளந்துகாட்டினார். அது மிக நுட்பமான வேலை. 1931 இல் அவருக்கு நோபெல் பரிசு கிடைத்தது. கெய்லினின் நிறமிகளுக்கோ அவர் உரிய இடம் கொடுக்க எளிதில் இசையவில்லை.

கெய்லின் இரு கட்சிக்கும் நடுவே பாலம் போட்டார். மதுவத்துக்குச் சயனைட்டு நஞ்சைச் சேர்த்தபின் எவ்வளவு குலுக்கினாலும் பட்டிகள் மறைவதில்லை. ஒட்சிசன் பக்கத்துக் கதவு அடைபட்டுவிட்டது. உணர்வகற்றும் சில மருந்துகளைச் சேர்த்தாலோ பட்டிகள் மறைந்தவாறே நிற்கும்; உணவுப் பக்கத்துக் கதவு அடைபட்டுவிட்டது. ஆகவே இரு கதவுகளும் உண்மை; இரண்டுக்கும் இடையே வரிசையாய் நின்று, ஒரு பக்கம் வாங்கி மறுபக்கம் கொடுக்கின்றவை சைற்றோக்குரோம்கள். சயனைட்டு உண்டவன் காற்றுக்கு நடுவே மூச்சற்று மாய்வது ஏன் என்பதற்கும் விடை இதிலே உண்டு. அவனுடைய இரத்தத்தில் ஒட்சிசன் நிறைந்திருக்கிறது. கலங்களுக்கு அதைக் கையாளத்தான் வழியில்லை.

இவ்வாறு வாங்கிக் கொடுக்கப்படுவது யாது? சைற்றோக்குரோமின் நடுவே ஹீம் என்னும் தட்டையான வளையம் உண்டு; அதன் மையத்திலே ஓர் இரும்பணு. அவ்விரும்பு ஓர் இலத்திரனை ஏற்றால் ஒரு நிலை, இழந்தால் மற்றொரு நிலை. மக்மன் கண்ட இரு நிலைகள் இவையே. தீ அணைக்கும்போது மக்கள் வரிசையில் நின்று நீர்வாளியைக் கைமாற்றுவதுபோல, உணவிலிருந்து வந்த இலத்திரனை ஓரிரும்பு அடுத்த இரும்புக்குக் கொடுக்க, ஈற்றிலே ஒட்சிசன் அதை வாங்கி நீராகிறது. இவ்வோட்டத்தின்போது வெளிப்படும் சத்தியே நம் உடலின் வெப்பமும் உழைப்பும் ஆகும்.

உவமை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு பெரிய முட்டுக்கட்டை எழுந்தது. நீர்வாளி கொடுப்போர் கையும் கையும் தொட நிற்கின்றனர். சைற்றோக்குரோமின் இரும்போ புரதத்தின் வயிற்றுக்குள் புதைந்து கிடக்கிறது. குதிரையின் இதயத்திலிருந்து எடுத்த சைற்றோக்குரோம் சி ஒன்றை எடுத்துக்கொள்க. அதன் புரதச் சங்கிலியில் 104 அமினோவமிலங்கள் கோக்கப்பட்டுள்ளமை 1961 இல் தெரியவந்தது. அச்சங்கிலி சுருண்டு ஹீமைச் சுற்றி உறைபோல மூடியிருக்கிறது. வளையத்தின் ஓர் ஓரம் மாத்திரமே வெளியே தலைகாட்டுகிறது. புரதமோ மின்னைக் கடத்தாப் பொருள். பட்டுநூலும் மயிரும் புரதமே. அவற்றை மின்கம்பியாகப் பயன்படுத்துவார் எவருமில்லை. அப்படியாயின், இலத்திரன் இந்த உறையைக் கடப்பது எங்ஙனம்?

இவ்வினாவைத் துணிந்து கேட்டவர்களுள் ஹங்கேரி நாட்டு அறிஞர் அல்பேர்ட் சென்ற்-ஜியோர்ஜி முதன்மையானவர். உயிர்ச்சத்து சீ தொடர்பான ஆய்வுக்காக 1937 இல் நோபெல் பரிசு பெற்ற அவர், 1941 இல், உலோகத்திலும் பளிங்கிலும் போலப் புரதத்திலும் இலத்திரன்கள் பொதுவாக உலவும் சத்திப் பட்டைகள் இருத்தல் கூடும் என்றார். புரதம் ஒரு குறைகடத்தி என்பது அதன் கருத்து. திரான்சிஸ்டர் பிறப்பதற்கு ஆறாண்டுகளுக்கு முன் இப்படி ஒரு கற்பனை! பௌதிக அறிஞர் கணித்துப் பார்த்தபோது அது தேறவில்லை. புரதத்திலே அப்பட்டைகளுக்கிடையே உள்ள இடைவெளி மிகப் பெரிது. உடலின் வெப்பநிலையில் எந்த இலத்திரனும் அதைத் தாண்டி ஏற முடியாது. விடை பிழைத்தது. ஆனால் கேள்வி நிலைத்தது. விஞ்ஞான வரலாற்றிலே நல்ல கேள்வி ஒன்று தவறான விடை பலவற்றினும் நீண்டநாள் வாழ்வதுண்டு.

மெய்யான விடைக்குரிய முதற் சான்று, சற்றும் எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. ஐக்கிய அமெரிக்காவின் பிலடெல்பியா நகரிலே, பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்திலே பிரிட்டன் சான்ஸ் என்பவர் இருந்தார். மிக விரைவாய் நிகழும் இரசாயனத் தாக்கங்களை அளக்கும் கருவிகளை ஆக்குவதில் அவருக்கு நிகர் அக்காலத்தில் அரிது. 1952 இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக் விழாவிலே பாய்க்கப்பற் போட்டியில் தங்கப்பதக்கம் பெற்றவரும் அவரேதான்.

சான்சும் டொன் டிவோல்ற் என்பவரும் எடுத்துக்கொண்ட பிராணி, குரோமாற்றியம் என்னும் ஊதாநிறப் பற்றீரியா. அது வெளிச்சத்தை உண்டு வாழ்வது. வெளிச்சம் பட்டதும் அதன் பச்சையம் ஓர் இலத்திரனை இழக்கும்; அந்த வெற்றிடத்தை நிரப்ப அருகிலுள்ள சைற்றோக்குரோம் தன் இலத்திரனைக் கொடுக்கும். அப்போது சைற்றோக்குரோமின் பட்டி மாறும். லேசர் ஒளியைக் கணப்பொழுது பாய்ச்சி, பட்டி மாறும் வேகத்தை அளந்தால், இலத்திரன் புரதத்தைக் கடக்க எடுக்கும் நேரம் தெரிந்துவிடும். மக்மன் பரணிலே கண்ணால் பார்த்ததையே இவர்கள் மின்கருவியால் பார்த்தார்கள் எனலாம்.

சாதாரண வெப்பநிலையிலே அந்நேரம் ஏறத்தாழ ஒரு செக்கனின் பத்து இலட்சத்தில் இரண்டு பங்கு. பின்பு அவர்கள் பற்றீரியாவைப் படிப்படியாகக் குளிர வைத்தார்கள். இரசாயனத் தாக்கங்கள் குளிரிலே தளர்ந்து, இறுதியில் நின்றுவிடுதல் பொதுவிதி. உணவைப் பனிப்பெட்டியில் வைப்பதன் நோக்கமே அது. இங்கும் வேகம் குறைந்தது. பூச்சியத்துக்குக் கீழே 173 பாகை சதமளவில் வரும்போது நேரம் ஆயிரம் மடங்காகி, ஒரு செக்கனின் ஆயிரத்தில் இரண்டு பங்காயிற்று. அதன்பின் நிகழ்ந்ததே அதிசயம். மேலும் குளிர வைத்தார்கள், வேகம் குறையவில்லை. இன்னும் குளிர வைத்தார்கள், அப்படியே நின்றது. 1966 இல் வெளியான இவ்வாய்வு அடுத்த ஆண்டு மேலும் கீழே சென்றது. தனிப் பூச்சியத்துக்கு மேலே நாலரைப் பாகை, அதாவது ஹீலியம் வாயுவும் திரவமாகும் கொடுங்குளிர் வரை கொண்டுசென்றும், இலத்திரன் அதே வேகத்தில் புரதத்தைக் கடந்துகொண்டிருந்தது. அணுக்களெல்லாம் உறைந்து கல்லாய்க் கிடக்க, அவற்றினூடே இலத்திரன் ஒன்று தடையின்றி நடந்தது.

மேட்டின்மேல் ஏறிக் கடப்பதற்குச் சூடு வேண்டும். சூடு இல்லாமற் கடக்கிறதெனின் அது மேட்டில் ஏறவே இல்லை. மேட்டினூடே சென்றுவிட்டது என்றே கொள்ளவேண்டும். இலத்திரன் சிறு உருண்டை மாத்திரமன்று; அலையுமாகும். அலையானது தடைச்சுவர் தொடங்கும் இடத்திலே சட்டென்று அற்றுப்போவதில்லை. சுவருக்குள்ளும் தேய்ந்து தேய்ந்து நீள்கிறது. சுவர் போதிய அளவு மெல்லியதாயின் அவ்வலையின் நுனி மறுபக்கத்தில் எட்டிப்பார்க்கும். அங்கே இலத்திரன் தோன்றுவதற்கு அதுவே வாய்ப்பு. இத்தகைய சுரங்கப் பாய்வினாலேயே சில அணுக்கருக்களிலிருந்து அல்பாத் துணிக்கைகள் வெளிப்படுகின்றன என்று 1928 இல் கமோவ் விளக்கியிருந்தார். கதிரியக்கத்துக்கு என்று வகுத்த விதி, ஒரு குளத்துப் பற்றீரியாவின் ஒளித்தொகுப்பிலும் ஆட்சிசெய்வதை எவர் எதிர்பார்த்தார்!

ஆயினும் சூடான நிலையில் வேகம் ஏன் ஆயிரம் மடங்கு கூடுகிறது? சுரங்கப் பாய்வுக்குச் சூடு வேண்டியதில்லையாயின் அக்கூடுதல் எதற்கு? இதற்குரிய விடை பத்தாண்டுகளுக்கு முன்னரே, புரதத்தைப் பற்றி எண்ணாத ஒருவரால் எழுதப்பட்டிருந்தது. கனடாவிற் பிறந்த ருடோல்ஃப் மார்க்கஸ், நியூயோர்க் புறூக்கிளினிலே ஆசிரியராய் இருந்தபோது, 1956 இல், நீரிலே கரைந்த இரு அயன்களிடையே இலத்திரன் பாய்வதை ஆராய்ந்தார். இலத்திரன் இலேசானது, விரைந்தது; சூழவுள்ள அணுக்களோ பாரமானவை, மெதுவானவை. இலத்திரன் பாயும் கணத்தில் அவை அசைய நேரமில்லை. ஆதலால் அவை முன்கூட்டியே அசைந்து, பாய்வதற்கு முன்னுள்ள சத்தியும் பாய்ந்தபின் உள்ள சத்தியும் சமமாகும் நிலையை அடைந்திருக்க வேண்டும். தோணியும் துறைமேடையும் அலையில் ஏறி இறங்கி ஒரே மட்டத்துக்கு வரும் கணத்திற் பயணி காலெடுத்து வைப்பதுபோல. அந்த அசைவுக்கே சூடு வேண்டும், பாய்வுக்கு அன்று. 1974 இல் ஹொப்ஃபீல்ட் என்னும் பௌதிக அறிஞர் இரு கருத்துக்களையும் இணைத்து, புரதங்களுக்கிடையே நிகழும் பாய்வுக்கு ஏற்ற சூத்திரத்தை எழுதினார். மார்க்கஸின் கொள்கையிலே ஒரு விசித்திர முடிவும் இருந்தது: இறக்கம் அளவுக்கு மீறிச் செங்குத்தானால் இலத்திரன் விரைவதற்குப் பதிலாகத் தாமதிக்கும். இதனைப் பலர் நம்பவில்லை. 1984 இல் பரிசோதனை அதனை மெய்ப்பித்தது. 1992 இல் அவருக்கு நோபெல் பரிசு வந்தது.

புரத உறையின் பயன் என்ன என்பதற்கும் இங்கே ஒரு குறிப்புக் கிடைக்கிறது. இலத்திரன் வந்தாலும் போனாலும் தன் உருவம் மிகக் குறைவாகவே மாறும்படி அது இரும்பை இறுகப் பிடித்து வைத்திருக்கிறது. நீரையும் விலக்கி வைக்கிறது. அசைய வேண்டிய அணுக்கள் குறைவு; ஆகவே வேண்டிய சூடும் குறைவு. தடை என்று எல்லோரும் எண்ணியிருந்த உறை, உண்மையிலே பாய்வை எளிதாக்கும் பொறியாயிற்று.

இலத்திரன் எவ்வளவு தூரம் பாயும் என்பதை நேரே அளக்க வேண்டியிருந்தது. கலிபோர்னியாத் தொழினுட்ப நிறுவகத்திலே ஹரி கிறே என்பவரும் அவருடைய மாணாக்கரும் 1982 இல் ஒரு தந்திரம் செய்தனர். குதிரைச் சைற்றோக்குரோம் சி யின் வெளிப்புறத்திலே, சங்கிலியில் 33 ஆவது இடத்திலுள்ள அமினோவமிலத்தில், உருத்தேனியம் என்னும் உலோக அணு ஒன்றைக் கொளுவினர். இனித் தூரம் நிச்சயம்: உருத்தேனியத்துக்கும் ஹீமின் ஓரத்துக்கும் இடையே ஏறத்தாழப் பன்னிரண்டு அங்ஸ்ட்ரம். ஒரு சென்ரிமீற்றரின் பத்துக்கோடியில் ஒரு பங்கே ஓர் அங்ஸ்ட்ரம் எனப்படும். இச்சிறு தூரம் இலத்திரனுக்கு நெடும் பாலைவனம். அணுக்கள் ஒன்றையொன்று தொடும் தூரத்தைப்போலப் பன்மடங்கு. உருத்தேனியத்தின்மேல் ஓர் இலத்திரனை ஏற்றிவிட்டுப் பார்த்தனர். ஒரு செக்கனின் முப்பதில் ஒரு பங்கு அளவான நேரத்தில் அது இரும்பை அடைந்தது. இடையிலே தங்குமிடம் எதுவும் இல்லை, ஒரே பாய்ச்சல்.

இதைத் தொடர்ந்து ஒரு வாதம் எழுந்தது. பெரட்டன், ஒனூச்சிக் முதலியோர், இலத்திரன் புரதத்தின் பிணைப்புக்கள் வழியாகவே செல்கிறது, நல்ல வழியும் தீய வழியும் உண்டு என்றனர். பிலடெல்பியாவைச் சேர்ந்த டட்டனும் அவர் குழுவினரும், வழி முக்கியமன்று, தூரமே முக்கியம் என்றனர். புரதங்கள் பலவற்றை அளந்த கணக்கின்படி, தூரம் ஏறத்தாழ 1.7 அங்ஸ்ட்ரம் கூடுந்தோறும் வேகம் பத்திலொன்றாகக் குறைகிறது. 1999 இல் டட்டன் குழுவினர், அதுவரை வடிவம் அறியப்பட்ட புரதங்களை ஆராய்ந்து, உயிரினங்களில் இலத்திரன் கைமாறும் மையங்கள் பொதுவாகப் பதினான்கு அங்ஸ்ட்ரத்துக்கு உட்பட்டே அமைந்திருப்பதைக் காட்டினர். ஆற்றைக் கடக்க இட்ட கற்கள் ஒரு காலடி தூரத்தில் இருப்பதைப் போன்றது இது. இருகட்சியிலும் உண்மை உண்டு என்பதே பின்னை ஆய்வுகளின் போக்கு. பிணைப்பு வழியின் நன்மை தீமை வேகத்தைச் சில மடங்கு கூட்டும், குறைக்கும். ஆயினும் தூரத்தின் ஆட்சியை அது மீற இயலாது. 1890 இற் போலன்றி, இம்முறை எவரும் வாதத்தை அடிக்குறிப்பினால் மூடிவிடவில்லை.

சைற்றோக்குரோம் வரிசையினால் உடல் எவ்வாறு சத்தியைச் சேமிக்கிறது என்பதைப் பீற்றர் மிச்சல் 1961 இல் விளக்கியது தனியொரு கதை. இலத்திரன் ஓடும்போது ஐதரசன் அயன்கள் மென்றகட்டின் ஒரு பக்கம் தள்ளப்பட்டு, அணைநீர்போலத் தேங்குகின்றன என்பது அதன் சாரம். 1978 இல் நோபெல் பரிசு பெற்றபோது ஆற்றிய உரைக்கு, அவர் டேவிட் கெய்லினின் பெயரைத் தலைப்பிலேயே வைத்தார். கெய்லின் 1963 இல் மறைந்துவிட்டார். நோபெல் பரிசு அவருக்குக் கிட்டவில்லை. அவர் எழுதிக்கொண்டிருந்த சுவாச ஆய்வின் வரலாற்றை மகள் யோவான் நிறைவாக்கி 1966 இல் வெளியிட்டார். மக்மனைப் பற்றிப் பிற்காலத்தார் அறிந்தவற்றுட் பெரும்பகுதி அந்நூலிலிருந்தே வந்தது. அது வெளியான ஆண்டும், சான்சும் டிவோல்ற்றும் பற்றீரியாவைக் குளிர வைத்த ஆய்வு வெளியான ஆண்டும் ஒன்றே.

மிக அண்மைக் காலத்தில் இவ்வரலாறு சேற்றுக்குள் இறங்கியிருக்கிறது. 1987 இல் அமெரிக்காவின் பொட்டோமக் ஆற்றுச் சேற்றிலிருந்து டெரெக் லவ்லி என்பவர் ஜியோபக்டர் என்னும் பற்றீரியாவைப் பிரித்தெடுத்தார். ஒட்சிசன் இல்லாத இடத்தில் வாழும் அது, தன் இலத்திரன்களை உடலுக்கு வெளியேயுள்ள இரும்புத் துருவுக்குக் கொடுத்து உயிர்வாழ்கிறது. அதன் உடலிலிருந்து மயிர்போன்ற இழைகள் நீள்வதையும், அவை மின்னைக் கடத்துவதையும் 2005 இல் கண்டனர். இவ்விழைகள் சாதாரணப் புரத மயிர்கள் என்றே அப்போது கருதப்பட்டது. 2019 இல், உறைநிலை இலத்திரன் நுணுக்குக்காட்டியினாற் பார்த்தபோது, அவ்விழைகளுட் சில, சைற்றோக்குரோம் மூலக்கூறுகள் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கிக் கட்டப்பட்ட சங்கிலிகள் என்று தெரியவந்தது. ஒவ்வொரு மூலக்கூறிலும் ஆறு ஹீம்கள். ஒரு ஹீமின் விளிம்பை அடுத்த ஹீம் ஏறக்குறையத் தொட்டுக்கொண்டு, இழையின் முழு நீளத்துக்கும் வரிசை அறாது செல்கிறது. பதினான்கு அங்ஸ்ட்ரம் பாய வேண்டிய அவசியமே அங்கில்லை. மின்னைக் கடத்துவன இந்தச் சைற்றோக்குரோம் இழைகள் மாத்திரந்தானா, பழைய மயிர்களும் கடத்துமா என்னும் சர்ச்சை அதன் பின்னரும் தொடர்ந்தது.

அந்த ஹீம்கள் சி வகையைச் சேர்ந்தவை. இலத்திரனை ஏற்ற நிலையிலே அவ்வகையின் முதன்மைப் பட்டி, நிறமாலையின் பச்சைப் பகுதியில், 550 நனோமீற்றரை ஒட்டி விழுகிறது. வூல்வர்ஹம்ப்டன் குதிரைலாயத்தின் பரணிலே, பூச்சியின் தசையை நசுக்கி வைத்து மக்மன் கண்ட நான்கு பட்டிகளுள் மிகத் தெளிவானதும் அதுவே.